கட்டத்துக்குள் என் முகம்

தயாரித்தவர்களே கைவிட்ட பிறகும் அந்த ஃபோனைப் புகழ்ந்து திரிந்தவன் நான். தோற்கும் கட்சிக்கே ஓட்டுப் போட்டுப் பழகியவன். திரையில் பெரிய பெரிய கட்டங்கள், ஒன்றில் என் முகம். பக்கவாதத்தில் பேச்சையும் வாசிப்பையும் இழந்த என் மனைவி, அதை அழுத்தித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

போன வாரம் அவள் ஃபோனின் திரை செத்தது. புது ஃபோனில் என் முகம் மிளகளவுதான். அவள் விரல் தவறி வங்கிக் கணக்கைத் திறந்தது. அழுதாள்.

கொம்தார் வணிக வளாகத்தில், திரையை மாற்றித் தரச் சொல்லிக் கடை கடையாகக் கெஞ்சினேன்.

"இதுக்கு ஸ்பேர் இல்ல லா, அண்ணே. புதுசுல எல்லாமே இருக்கு."

"அவளுக்கு நான் மட்டும் போதும், தம்பி."

பின்னால் நின்ற தொழிற்சாலைச் சீருடைப் பெண் கைப்பையைத் திறந்தாள். அதே ஃபோன்.

"விக்கத்தான் கொண்டாந்தேன், யாருமே சீண்டல. எடுத்துக்குங்கண்ணே."

வீட்டில் மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் முகம் ஏற்றிய கட்டத்தை அழுத்தினாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தேன், மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லும்மா," என்றேன்.