வாயில் மூன்று குண்டூசி

வாயில் மூன்று குண்டூசிகளைக் கடித்தபடியேதான் கத்தரியை ஓட்டுவாள் தையலக்கா. சோறு தின்னும் நேரம் தவிர, அவை உதட்டை விட்டு இறங்குவதில்லை.

"விழுங்கித் தொலைக்கப் போற அக்கா!" என்று தம்பி கத்துவான்.

"சொல்ல வேண்டியவரு சொல்லட்டும், எடுக்குறேன்" என்பாள், உதட்டோரத்தால்.

சொல்ல வேண்டியவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். முப்பது வருஷம் அந்த ஊசிகளுக்காகவே அவளைத் திட்டித் தீர்த்த கணவர். பக்கவாதம் பேச்சையும் வலது கையையும் வாரிக்கொண்டு போனபோது, போனால் போகிறதென்று இடது கையில் கொஞ்சம் அசைவையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் விட்டுவைத்தது. அந்த ஒற்றை விரல்தான் பழைய லேப்டாப்பில் தட்டித் தட்டி, "தலையணை", "ஜன்னலைத் திற", "நீ சாப்பிட்டியா" என்று பேசிவந்தது. போன் சரிப்படவில்லை, நடுங்கும் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழும்.

லேப்டாப்புக்கு வயது பன்னிரண்டு. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் ஒரு பட்டன் தைத்துவிடலாம். ஒருநாள் அவர் அதைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து நாள் அந்த வீட்டில் தையல் மெஷின் மட்டும்தான் பேசியது.

"எடைக்குப் போடுக்கா" என்றான் தம்பி. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவன்.

"லைனிங் கிழிஞ்சா கோட்டையே தூக்கிப் போடுவியாடா?"

அளவு கொடுக்க வந்த லைப்ரரியம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்: உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டால் கிழட்டு மெஷினும் எழுந்து ஓடுமாம். அக்கா பிடித்துக்கொண்டாள். உடும்புப் பிடி.

கடைக் கம்ப்யூட்டரில் தம்பி பென் டிரைவில் லினக்ஸை ஏற்றினான். திரையில் ஊர்ந்த கோடு நூறைத் தொட்டதோ இல்லையோ, பக்கத்தில் நின்ற அக்கா பென் டிரைவை விசுக்கென்று உருவிவிட்டாள். தையல் முடிந்த நொடியே நூலை அறுத்துப் பழகிய கை! வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டால் பாதியில் நின்றது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள்தான் தம்பி அந்தக் கையைக் கவனித்தான்.

"நூறுன்னு காட்டினாலும் உள்ள இன்னும் எழுதிக்கிட்டு இருக்கும்க்கா! எடுக்கலாம்னு அது சொல்லணும்."

அன்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது சொல்லும் வரை.

மதியம், கட்டிலருகே ஸ்டூல் போட்டு லேப்டாப்பைத் திறந்தார்கள். எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது.

"யோசிச்சுக்க. மாமா எழுதுனதெல்லாம் போயிடும்."

"அளவெடுக்காம வெட்டுற கையாடா இது? அவரு எழுதுனது ஒண்ணு விடாம வேற பென் டிரைவுல பத்திரமா இருக்கு." அமுக்கினாள்.

கோடு ஊர்ந்தது. எழுபதில் நின்றது.

"செத்துடுச்சாடா?"

"இல்லக்கா. நீ மூச்சு விடு."

அரை மணி நேரத்தில் முடிந்தது. தம்பி தமிழ் எழுத்துகளைப் போட்டுப் பெரிதாக்கிக் கொடுத்தான். அவள் லேப்டாப்பைக் கணவரின் மடியருகே வைத்தாள்.

"ஏங்க, திரும்புங்க. ஒரே ஒரு எழுத்து."

அவர் திரும்பவில்லை.

"தனியா பேசிப் பேசி என் குரல் எனக்கே சலிச்சுப் போச்சுங்க."

மெல்லத் திரும்பினார். விரல் அந்தரத்தில் நடுங்கியது, தட்டியது. தட்டிய கையோடு எழுத்து வந்து நின்றது. அவர் நம்பாமல் விரலையே பார்த்தார். இன்னொன்று தட்டினார். பிறகு விரல் நிற்கவே இல்லை. கடைசியில் அவளை ஏறிட்டுப் பார்த்து, திரையை அவள் பக்கம் தள்ளினார்.

"முதல்ல வாயிலேர்ந்து ஊசிய எடுடி."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று குண்டூசிகளை உதட்டிலிருந்து எடுத்து, அவர் கண்ணுக்கு நேராகக் கையை நீட்டி, மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசி செருகும் பஞ்சுத் திண்டில் ஒவ்வொன்றாகக் குத்தினாள்.