தாஸ் வாசித்த அடி

டோரீன் பாடுவது விவேக் நகரில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. சர்ச் பாடகர் குழுவில் நல்ல பிள்ளையாகப் பாடிக்கொண்டிருந்தவள் இந்திரா நகர் பப்பில் ஃபங்க் பாடப் போய்விட்டாள் என்று அவர்களுக்கு வருத்தம். ஃபங்க் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பேஸ் கிடார் முன்னால் நடக்கும், பாட்டு இடுப்பை ஆட்டிக்கொண்டு பின்னால் வரும், அவ்வளவுதான். பகலில் பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன், சனிக்கிழமை மேடை என்று அவள் பிழைப்பு ஓடியது.

அந்த பேஸ் குணசேகருடையது. இரண்டு பேருமே தங்கச் சுரங்க ஊரான தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைகள். இவர்கள் பாட்டுக் கட்டுவதே ஒரு கூத்து. குணா வாசிப்பான், டோரீன் வார்த்தையே இல்லாமல் 'த்தா, த்தகு' என்று எதையாவது பாடுவாள். கால் தானாக ஆடினால்தான் வரி எழுதுவார்கள். ஆடாவிட்டால் அந்த மெட்டு குப்பைக்கு.

ஒரு மெட்டு மட்டும் மாதக்கணக்கில் அசைந்தே கொடுக்கவில்லை. ஸ்ரீராம்புரத்தில் குணா வீட்டில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருவில் சாவு. குணாவின் அப்பா தாஸ் சாவுக்குப் பறை அடிப்பவர். வாசலில் காகிதத்தைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, தட்டிப் பார்த்தார். குணா அந்த அடியை அப்படியே பேஸில் பிடித்தான். டோரீனின் கால் ஆடிவிட்டது.

"அங்கிள், நிறுத்தாதீங்க!" என்று உள்ளிருந்தே கத்தினாள்.

அந்தப் பாட்டுதான் அவர்களைத் தூக்கிவிட்டது. யூடியூப் சேனல் ஒன்று பேட்டிக்குக் கூப்பிட்டது. இந்த பீட் எங்கிருந்து கிடைத்தது என்று பேட்டி எடுத்த பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். பக்கத்திலேயே குணா. சாவு ஊர்வலம் போனால் ஜன்னலைச் சாத்தச் சொல்லி வளர்க்கப்பட்டவள் டோரீன். அந்தச் சத்தம் நம் மேல் ஒட்டக்கூடாது என்பது அவள் அம்மாவின் சட்டம். சின்ன வயதில் கேட்ட அமெரிக்க ரெக்கார்டுகளிலிருந்து வந்தது என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். அமெரிக்க ரெக்கார்டாம்!

வீடியோ வெளிவந்ததும் அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. குணா போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை வருவானா? அவன் வராவிட்டால் தனக்குப் பாட்டே இல்லை என்று அவளுக்குத் தெரியும். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று ஸ்ரீராம்புரம் போனாள்.

தாஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வா மா, வா! வீடியோவ தெருவுக்கே காட்டிட்டேன். இங்கிலீஷ் நமக்கு எங்க புரியுது? குணாதான் அர்த்தம் சொன்னான். 'உன்கிட்ட இருந்து எடுத்த அடின்னு டோரீன் சொல்லுதுப்பா'ன்னான்."

டோரீன் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். உள்ளே குணா பேஸுக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"இதுங்க யாரும் நம்பல மா. நீயே தமிழ்ல ஒரு வாட்டி சொல்லிடு" என்றார் தாஸ். அதற்குள் எதிர்வீட்டுப் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

"ஆமாங்க. அந்த அடி அங்கிளோடதுதான்" என்றாள்.

பெண்கள் கை தட்டினார்கள். தாஸுக்கு வாயெல்லாம் பல். அவள் சொன்னது முழு உண்மை. ஆனாலும் எந்தப் பொய்க்கும் அவள் உடம்பு இவ்வளவு கூசியதில்லை.

தெருமுனை வரை குணா கூட வந்தான்.

"மன்னிச்சுடு குணா. சனிக்கிழமை வருவியா?"

"வரேன். எங்கப்பாவயும் கூட்டினு வரேன்." ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினான். "மைக்ல நீ இங்கிலீஷ்ல என்ன சொன்னாலும், இந்த வாட்டி அப்படியேதான் அவருக்குச் சொல்லுவேன்."