பூனைக்குக் கொடுத்த அரை மாத்திரை

அந்தப் பூனைக்கு ஒரு பெயர் இருந்தது. என் கணவர் வைத்த பெயர். ஷார்ஜாவில் அதோடு ஒரே வீட்டில் குடியிருந்த வருடங்களில் ஒரு நாள்கூட நான் அதை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே எழுதுவதாகவும் இல்லை. பூனை என்றால் பூனை, அவ்வளவுதான்.

கல்யாணமாகி முதல் நாலு வருடம் நான் கரூரில் மாமனார் வீட்டில் இருந்தேன். ஷார்ஜாவில் இருந்த கணவர் வருடத்துக்கு ஒரு முறை முப்பது நாள் லீவில் வருவார். மற்றபடி வெள்ளிக்கிழமைதோறும் போன். என் கணவர் பேச்சில் மகா கஞ்சன். சாப்பிட்டியா, அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, மழை உண்டா, சரி வெக்கட்டுமா. முடிந்தது. சில வாரங்களில் மட்டும் நடுவே குரல் திடீரென்று குழையும். "இரு கண்ணு, இதோ வந்துட்டேன்" என்பார். முதல் தடவை எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் பூரித்துப் போனேன். அடுத்த நொடி பின்னாலிருந்து "மியாவ்" என்று கேட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள் அவை. அவருக்குச் சம்பளம் உயர்ந்து, குடும்ப விசா கிடைத்து, நான் ஷார்ஜாவில் போய் இறங்கியபோது பூனை எனக்கு முன்பே வீட்டில் இருந்தது. பேச்சலர் ரூமில் இருந்த காலத்தில், ஏசி மெஷினுக்குப் பின்னால் வெயிலில் வதங்கிக் கிடந்த குட்டியை எடுத்து, கூட இருந்தவர்களோடு சண்டை போட்டு வளர்த்தாராம். நான் பெட்டியோடு உள்ளே நுழைந்ததும் அது சோபாவில் படுத்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. வீட்டு எஜமானி புதிதாக வேலைக்கு வந்தவளைப் பார்க்கிற பார்வை. எழுந்து இடம்கூட விடவில்லை.

அவர் துபாயில் ஜெபல் அலிப் பக்கம் ஒரு ஆலையில் டெக்னீஷியன். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார். ஷூவைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். சூப்பர்வைசர் எதற்குக் கத்தினான், எந்த வால்வு மக்கர் பண்ணியது, கேன்டீனில் சாம்பார் எவ்வளவு தண்ணியாக இருந்தது என்று எல்லாக் கதையும் பூனையிடம் நடக்கும். நான் அடுக்களையில் நின்று காதைத் தீட்டிக்கொள்வேன். அவர் கூட வேலை செய்கிறவர்கள் யார் யார் என்பதையே நான் அப்படி ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் வந்தால், "இந்தாம்மா, பசிக்குது" என்பார். பூனை கண்ணு, நான் இந்தாம்மா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வழக்கப்படி என் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருந்தது. விசா அடிப்பதற்கு டைப்பிங் சென்டரில் கொடுத்தபோது, கணவர் பெயர் எங்கே என்று கேட்டார்கள். கல்யாணப் பத்திரம், அதற்கு ஒரு முத்திரை, அந்த முத்திரைக்கு ஒரு முத்திரை என்று அலைந்தோம். அந்த வாரத்தில்தான் மேஜை டிராயரில் பூனையின் தடுப்பூசி அட்டை என் கையில் அகப்பட்டது. மிருக ஆஸ்பத்திரி வழக்கப்படி பூனையின் பெயர், அதற்குப் பின்னால் என் கணவரின் பெயர். அச்சடித்து, சீல் வைத்து. எனக்கு வயிறு எரிந்தது. சிரிக்காதீர்கள், உண்மையிலேயே எரிந்தது.

ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, ஒண்ணு இது இருக்கட்டும், இல்ல நான் இருக்கறேன்."

அவர் பூனையின் காதைத் தடவிக்கொண்டே, "பாவம், அது எங்க போகும்?" என்றார். நான் எங்கே போவேன் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பூனை சாப்பாட்டை ஒதுக்கியது. முதல் நாள் சாயங்காலமே சோபாவுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. காலையில் அவர் டூட்டிக்குக் கிளம்பும்போது நாலு தடவை குனிந்து பார்த்தார். "சாயங்காலம் வந்து டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன், கொஞ்சம் பாத்துக்க" என்றார். அவர் என்னிடம் கெஞ்சுகிற குரலில் பேசியது அன்றைக்குத்தான். அதுவும் அதற்காக.

அவர் போன பிறகு அதைத் தொட்டுப் பார்த்தேன். காது கொதித்தது. காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டில் டாக்டரைத் தேடுகிற பழக்கமே கிடையாது. வளைகுடாவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் அட்டை அட்டையாக இருக்கும். காய்ச்சலுக்கு, வயிற்றுப் போக்குக்கு, சளிக்கு, எதற்கென்றே மறந்துபோனதற்கு. லீவில் போய்த் திரும்புகிற ஒவ்வொருவரிடமும் லிஸ்ட் கொடுத்துவிடுவோம். பக்கத்து ஃபிளாட் குழந்தைகளுக்குக்கூட நான்தான் டாக்டர். பெரியவர்களுக்கு ஒன்று, சின்னவர்களுக்கு அரை. பூனை சின்னதுதானே என்று பாரசிட்டமால் அரை மாத்திரையை எடுத்துத் தூள் பண்ணித் தண்ணீரில் கரைத்தேன்.

பாசத்தில் கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய். சாயங்காலம் அவர் பதறியடித்து வரும்போது, "ஒண்ணுமில்ல, நான் சரி பண்ணிட்டேன்" என்று சாவதானமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அன்றைக்கு ஒரு நாளாவது அவர் முகம் என் பக்கம் திரும்பும் இல்லையா.

எதில் கொடுப்பது என்று தேடினேன். என் அம்மா ஒரு நினைப்பில் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய வெள்ளிச் சங்கு இருந்தது, குழந்தைக்குப் பால் புகட்டுகிறது. அதில் கரைசலை ஊற்றி, பூனையை மடியில் அமுக்கிப் பிடித்து, வாயோரத்தில் புகட்டினேன். கசப்பில் தலையை உதறியது. பாதி என் சேலையில் சிந்தியது என்றாலும் மிச்சம் உள்ளே போய்விட்டது.

பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தபோது அதன் முகம் வீங்கியிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. மூச்சு வாங்கியது. அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆலைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். சோபாவில், பூனை வழக்கமாகப் படுக்கிற இடத்தில், சும்மா உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருக்கும். அது போய்விட்டால் இந்த வீடு என்னுடையது என்று நினைத்தேன். ஏழு மணிக்கு அவர் வந்து ஷூவைக் கழற்றும்போது பேசுவதற்கு என்னை விட்டால் வேறு ஆள் இருக்காது. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அது காலடியில் ஒரு முறை முனகியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது செத்தால் அவர் என்ன நினைப்பார்? போன வாரம் நான் சொன்னது அவருக்கு மறந்திருக்குமா? வேண்டுமென்றே கொன்றுவிட்டாள் என்றுதான் நினைப்பார். வாயைத் திறந்து சொல்லமாட்டார், ஆனால் சாகும்வரை அப்படித்தான் நினைப்பார். பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கீழே ஓடினேன். ஆலை அலுவலகத்துக்குப் போன் செய்து, அவசரம், பூனையைக் காட்டுகிற ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று அவருக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரி விலாசம் இருந்த தடுப்பூசி அட்டையை டாக்ஸிக்காரரிடம் நீட்டினேன். பெரிய தாடிவைத்த பட்டாணியர். துண்டுக்குள் பார்த்தவர் "அரே, பில்லி பீமார்!" என்று, பூனைக்கு உடம்பு சரியில்லையே என்று பதறி, ஏசியைக் கூட்டி வைத்து, வழி முழுக்க என்னவோ ஓதிக்கொண்டே ஓட்டினார். முன்பின் தெரியாதவருக்குக்கூட அதன்மேல் எவ்வளவு கரிசனம் என்று அப்போதும் எனக்குள் ஒரு குமைச்சல்.

மிருக ஆஸ்பத்திரியில் பூனையை வாங்கிக்கொண்ட வேகத்தைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்து வாயைத் திறந்து பார்த்தார். முகம் மாறியது.

"மனிதர் சாப்பிடும் மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

ரத்தம் எடுத்தார்கள். குழாயில் அது சிவப்பாக இல்லை, பழுப்பாக வந்தது. டாக்டரம்மா மறுபடி கேட்டார். நான் மறுபடியும் இல்லை என்றேன். என்ன விஷம் என்று தெரியாமல் எந்த மருந்து கொடுப்பது, நேரம் போகிறது என்று சொல்லிவிட்டு அவர் எதையோ எடுக்க உள்ளே போனார். பூனையைப் பிடித்துக்கொண்டிருந்த மலையாளி நர்ஸ் என் பக்கம் திரும்பினார். என் வயதுதான் இருக்கும்.

"சேச்சி, எங்க வீட்ல என் அம்மையும் இதான் செய்தது. பாரசிட்டமால் கொடுத்தாச்சோ?"

ஆமாம் என்றால் என் கணவருக்குத் தெரிந்துவிடும். இல்லையென்றால் பூனை இதோ, இந்த மேஜையிலேயே போய்விடும். அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

"அரை மாத்திரை. காலைல ஒன்பது மணிக்கு" என்றேன்.

நர்ஸ் உள்ளே பார்த்துக் கத்தினார். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கவனிக்கவில்லை. முன்னங்காலில் முடியைச் சிரைத்து ஊசி குத்தி, முறிமருந்தை டிரிப்பில் ஏற்றி, ஆக்ஸிஜன் போகிற கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். நமக்கு மருந்தாக இருப்பது பூனைக்கு விஷம், அதன் ஈரலுக்கு இதை முறிக்கத் தெரியாது என்று டாக்டரம்மா விளக்கினார். இரண்டு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

வெயில் சாயும் நேரத்தில்தான் தகவல் கிடைத்து என் கணவர் வந்தார். அழுக்கான கம்பெனி உடுப்பு, சேஃப்டி ஷூ, தலையில் ஹெல்மெட்டின் தடம். நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"நான்தான் மாத்திரை குடுத்தேன். காச்சலுக்கு."

"தெரிஞ்சு குடுத்தியா?" என்றார், திரும்பாமல்.

"சத்தியமா தெரியாதுங்க. ஆனா இழுத்துக்கிட்டு கெடக்கறதப் பாத்தும் பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். போனாப் போகட்டும்னு."

அவர் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து கண்ணாடியில் கையை வைத்தார். தோள் குலுங்கியது. நாலு தடவை திருச்சி விமான நிலையத்தில் என்னை விட்டுவிட்டுப் போனவர், ஒரு தடவைகூடக் கண் கலங்காதவர், அந்நியர்கள் நடுவில் உட்கார்ந்து ஒரு பூனைக்காக விம்மி விம்மி அழுதார். நான் செய்த பாவம், வெட்கம் எல்லாம் எங்கோ போய்விட்டது. பொறாமைதான் பொங்கி வந்தது.

"நான் இதுக்குள்ள கெடந்தா இப்பிடி அழுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் முகத்தைத் துடைக்காமலே திரும்பினார். "ரெண்டாவது வருஷம் டைபாய்டு வந்து நீ பெரியாஸ்பத்திரியில கெடந்த. லீவு கேட்டேன், தரல. ரூம்ல ஆறு பேரு, எங்க போயி அழறது? இதத் தூக்கிட்டுப் போயி பாத்ரூம்ல கதவச் சாத்திக்குவேன். மூணு நாளு, இதுகிட்டதான் அழுதேன்."

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியதே அதுதான் முதல் தடவை. அந்த டைபாய்டு வாரத்தில் அவர் போனில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. "மாத்திரையை வேளாவேளைக்குப் போடு. சரி, வெக்கட்டுமா?" அவ்வளவுதான். கல் மனசுக்காரனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டேன் என்று அன்றைக்கு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். எனக்காக அவர் அழுத அழுகை முழுவதும் நடந்திருக்கிறது, ஷார்ஜாவில் ஒரு குளியலறையில். அதைப் பார்த்த ஒரே உயிர் இதோ பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது.

நான் சாமி கும்பிட ஆரம்பித்தேன். அன்பு வந்து அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். அது செத்தால் அந்த மூன்று நாளும் அதோடு போய்விடும்.

நாலாவது நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீக்கம் வடிந்து, ஈறு பழைய நிறத்துக்கு வந்திருந்தது. மறுநாள் காலையில் அவர் டூட்டிக்குப் போன பிறகு, கதவைத் தாழ்போட்டுவிட்டு சோபாவின் முன் தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன சொல்லி அழுதாரு?" என்று கேட்டேன். "என் பேரச் சொன்னாரா?"

பூனை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரைத்த காலை நக்க ஆரம்பித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் கேட்டேன்.