ஏட்டியை ஏலம் விட்டவர்

யேசுரத்தினத்துக்கு நாய் பிடிக்காது. இதை அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், பிற்பாடு மாற்றிச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. வடசேரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். தான் சொன்னதைத் தானே மாற்றினால் மாவட்டத்து பஸ்கள் எல்லாம் நேரம் தப்பி ஓடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பால் பட்ட பாடுகளை எண்ணினால் அவருக்கே சிரிப்பு வரும். ஆனால் தனியாக இருக்கும்போது மட்டும்தான் சிரிப்பார்.

நாய் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். சபைப் பாடகர் குழுவில் இருக்கும் ஷைஜா, கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண், நண்பர்களோடு சேர்ந்து நாகர்கோவிலில் நாய்களைக் காப்பாற்றும் குழு ஒன்றை நடத்துகிறாள். யாருக்கும் சம்பளம் கிடையாது. அவரவர் வேலை முடிந்த பிறகு அடிபட்டதைத் தூக்கி வந்து, வைத்தியம் பார்த்து, வீடு தேடிக் கொடுப்பார்கள். பேச்சிப்பாறை ரோட்டில் வண்டி அடித்துப் பின்னங்கால் ஒன்றை இழந்த நாய்க்கு, நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை தங்க இடம் வேண்டும் என்று ஆராதனை முடிந்ததும் அவரிடம் கேட்டாள். பக்கத்தில் போதகர் நின்றார். மறுத்தால் மரியாதை என்னாவது? “அதுக்கென்ன மோளே, கொண்டு வா” என்று சொன்னது யேசுரத்தினம் இல்லை, அவருடைய மரியாதை.

“ரெண்டு வாரம்தான்,” என்று வீட்டில் வந்து சொன்னார்.

மனைவி நேசம்மாள் நாயைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “இந்தப் பட்டிக்கு ரெண்டு வாரம் போரும். உங்களுக்குப் போருமா?”

தங்கிப் போகிற நாய்க்குப் பெயர் எதற்கு என்று அவர் பெயர் வைக்கவில்லை. பெண் நாய் என்பதால், “ஏட்டி, அங்கோட்டு நீங்கு” என்று அதட்டுவார். நாய் ஏட்டி என்பதையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. கல்யாணமான நாளிலிருந்து நேசம்மாளையும் அவர் அப்படித்தான் கூப்பிட்டு வந்தார். இப்போது காப்பி கேட்டால் நாய் வந்து நின்றது, நேசம்மாள் வரவில்லை. “என்னைய இனி பேரு சொல்லி விளியுங்க,” என்று சொல்லிவிட்டாள். பேரன் எடுத்த வயதில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகினார் யேசுரத்தினம். முதல் சில நாட்கள் கூச்சமாக இருந்தது.

இரண்டு வாரம் ஓணத்தைத் தாண்டியது, கிறிஸ்துமஸையும் தாண்டியது. காலையில் அதோடு நடக்கப் போவது தன் சர்க்கரை வியாதிக்காக என்றார். மத்தி மீனை அவித்து, ஆறவைத்து, முள் எடுத்துக் கொடுப்பது பொழுது போகாததால் என்றார். ஷைஜா போன் செய்தால் மட்டும், “எப்ப வேணும்னாலும் கொண்டு போலாம் மோளே, எனக்கென்ன?” என்று வீறாப்பாகச் சொல்வார். போனை வைத்ததும் வெளிக்கதவின் கொண்டியைப் போட்டுவிட்டு வந்து உட்காருவார்.

இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு நாள் மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் நாய்களைத் தத்துக் கொடுக்கும் முகாம் வைத்தார்கள். ஏட்டியையும் கொண்டு வரச் சொன்னாள் ஷைஜா. மூன்று கால் நாயை யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் அவரும் அதைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்தார்.

முகாமில் மைக் அவர் கையில். சபையில் அறுப்பின் பண்டிகை வந்தால், காணிக்கையாக வரும் வாழைக்குலை, பலாப்பழம், சேவல் எல்லாவற்றையும் ஏலம் விடுவது அவர்தான். ஒரு தேங்காயை ஒரு மூட்டை அரிசி விலைக்குப் போக வைக்கும் வாய். அந்த வாயால் நாய்களை அறிமுகம் செய்தால் போதும் என்றுதான் ஷைஜா நினைத்தாள். ஆனால் எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைக் கண்டதும் யேசுரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. குட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, “காசு வேண்டாம். என்ன குடுத்து வளப்பிய, அதைச் சொல்லுங்க. கூடச் சொல்லுதவங்களுக்குக் குட்டி,” என்று குரலெடுத்தார்.

“அங்கிள், இது ஏலம் இல்ல,” என்றாள் ஷைஜா பதறி.

“சும்மா நில்லு மோளே. ஆளு வரட்டும்.”

ஆள் வந்தது. ரோட்டில் போனவர்கள்கூட உள்ளே வந்தார்கள். ஒருவர் பால் என்றார், அடுத்தவர் பாலும் முட்டையும் என்றார். குட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. “வீட்டைப் பாத்துட்டுதான் குடுப்போம் கேட்டியளா,” என்று ஷைஜா ஒவ்வொருவரிடமும் சொல்லி முகவரி வாங்கினாள். அவளுக்குச் சந்தோஷம். யேசுரத்தினத்துக்குத் தலைக்கனம். அந்த மிதப்பில் இருந்தபோதுதான் அவள் ஏட்டியை மேடைக்குக் கொண்டு வந்து கழுத்து வாரை அவர் கையில் கொடுத்தாள். “இனி இவ.”

அவர் வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். இவள் எங்கும் போக மாட்டாள், எனக்கே வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இத்தனை மாதம் எனக்கென்ன என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? குறைகளை அடுக்கிக் கூட்டத்தை விரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

“உள்ளதைச் சொல்லிருதேன், பெறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. குறட்டை விடுவா. செருப்பைக் கடிப்பா. இடி இடிச்சா கட்டில்ல ஏறுவா, பெறவு இறங்க மாட்டா. வலது காதுக்குப் பின்னால சொறிஞ்சு குடுத்தாத்தான் உறங்குவா. அதுவும் பைய சொறியணும்.”

கூட்டம் சிரித்தது. ஒரு பெண் ‘அய்யோ பாவம்’ என்றாள். இருபது வருடம் ஏலம் விட்டவர், சரக்கை இதைவிட நன்றாக அவர் ஒருநாளும் விற்றதில்லை.

“எங்க வீட்டுல தினம் மீன் உண்டு,” என்றார் மீசைக்காரர் ஒருவர்.

“மீனும் தருவேன், ஏசி ரூமும் தருவேன்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜான்ரோஸ். மஸ்கட்டிலிருந்து திரும்பியவர், அதே சபைக்காரர். எந்த ஏலத்திலும் கடைசி வார்த்தையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்காதவர்.

மீசைக்காரர் அடங்கினார். “ஒரு தரம்,” என்றது யேசுரத்தினத்தின் வாய். “ரெண்டு தரம்,” என்றது. ஏட்டி அவர் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தாள். நிறுத்து, நிறுத்து என்று மனசு கத்தியது. வாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “மூணு தரம்.”

கை தட்டினார்கள். அவருக்கு அழுகை வந்தது. சொந்த நாயைத் தானே கூவி விற்ற மடையன் இந்த ஜில்லாவில் வேறு யாராவது உண்டா என்று நினைத்துக்கொண்டார்.

ஜான்ரோஸ் மேடையேறி, வாரைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு வாரைத் திரும்ப நீட்டினார். “நான் திருப்பிக் குடுக்கேன் ஓய். மறு ஏலம் விடும்.”

பண்டிகை ஏலத்தில் அது வழக்கம். வீம்புக்குக் கேட்டு எடுத்ததை யாரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பார்கள், அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே சேவல் நாலு பேருக்கு விலைபோய்க் களைத்து மேடையிலேயே தூங்கிவிடுவதும் உண்டு.

சேவலுக்குச் சரி, நாய்க்கும் அதே வழக்கமா என்று ஷைஜாவுக்கு விளங்கவில்லை. “வேண்டாம்னா எதுக்குக் கேட்டிய அங்கிள்?”

“அது ஒரு மரியாதைக்கு மோளே,” என்றார் ஜான்ரோஸ்.

மரியாதையைப் பற்றி யேசுரத்தினத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வாரை வாங்கி மைக்கோடு சேர்த்து ஷைஜாவின் கையில் வைத்தார். ஏலம் விடுகிறவர் ஏலம் கேட்கக் கூடாது என்று சபையில் சட்டம் கொண்டு வந்தவரே அவர்தான். மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்தோடு நின்றார்.

ஷைஜா தயங்கித் தயங்கி, “யாராவது…” என்றாள்.

“எங்க வீட்டுல நாலு பிள்ளைய உண்டு. இவளக் கொஞ்சிக்கிட்டே இருப்பாங்க,” என்றாள் முதலில் ‘அய்யோ பாவம்’ என்ற பெண்.

நல்ல வீடு. யேசுரத்தினத்துக்கே தெரிந்தது. அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஏசியும் இல்லை, பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை. “எனக்கு வேணும்,” என்றார். மைக் இல்லாத அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

“நீங்க என்ன குடுப்பிய அங்கிள்?”

தேடிப் பார்த்தார். “குடுக்கதுக்கு ஒண்ணும் இல்ல மோளே. அவ இல்லாம என்னால வீட்டுக்குப் போக முடியாது.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஷைஜா மைக்கை வாயருகே கொண்டு போய், “மூணு தரம்,” என்றாள்.

ஒரு தரமும் ரெண்டு தரமும் சொல்லாமல் மூணு தரம் சொன்னால் அந்த ஏலம் செல்லாது. வேறு யார் சொல்லியிருந்தாலும் யேசுரத்தினம் சண்டைக்குப் போயிருப்பார். இப்போது மேடையேறிப் போய் வாரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.