இரண்டு ஷிப்டுக்கு ஒரு மவுஸ்

வலி முதலில் தெரிந்தது ஆபீசில் அல்ல. அல்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நனைந்த போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தேன். வலது மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் அடிவரை சுருக்கென்று இழுத்தது. போர்வை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதை மறுபடியும் அலச வேண்டுமே என்ற அலுப்புதான் அப்போது பெரிதாக இருந்தது. மறுநாள் காலை ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை ஒரு கையால் எடுக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். அந்த வாரத்திலிருந்து என் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றைப் பின்னலோடு போனாள். இரட்டைப் பின்னல் போட்டுவிட என் விரல்களால் முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. பீன்யாவில், இரும்புத் தகட்டை வெட்டவும் வளைக்கவும் வேண்டிய அச்சுகளைச் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். டிராயிங் செக்‌ஷன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில்தான் வரைய வேண்டும். எட்டுப் பேருக்கு நாலு கம்ப்யூட்டர். ஆகவே இரண்டு ஷிப்ட். பெண் என்பதால் எனக்கு எப்போதும் முதல் ஷிப்ட், காலை ஏழிலிருந்து மூன்று வரை. ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, பாதித் தூக்கத்தில் போய் இறங்குவேன். மூன்று மணிக்கு அதே நாற்காலியில் இன்னொருவர் வந்து உட்காருவார்.

அவர் கோலார் தங்க வயலிலிருந்து வந்தவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக ஒரே மேஜையில் வேலை செய்தோம், ஆனால் நாங்கள் பேசிக்கொண்டது தினமும் பத்து நிமிஷம்தான் இருக்கும். மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போது வருவார். வலது கையை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருப்பார். "எது முடிஞ்சிது, எது பாக்கி?" என்பார். நான் சொல்வேன். "சரிம்மா, பஸ்ஸ விட்றாதே" என்பார். அவ்வளவுதான்.

எங்கள் மேஜையில் முதலில் இருந்த மவுஸ் சின்னது. அது கெட்டுப்போனதும் கம்பெனியில் வேறொன்று வாங்கிக் கொடுத்தார்கள். பெரியது, முதுகு உப்பியது. வளையல் கடையில் எனக்குச் சிறுமிகளுக்கான அளவில்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் கையை இந்த மவுஸின் மேல் வைத்தால் விரல் நுனி பட்டன்களின் பாதிவரைதான் எட்டும். அதனால் உள்ளங்கையைத் தூக்கி, மேலிருந்து ஐந்து விரலாலும் கவ்விப் பிடித்துத்தான் நகர்த்துவேன். மணிக்கட்டு பின்னால் மடங்கியே இருக்கும். காலையிலிருந்து மூன்று மணிவரை அப்படித்தான். அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வலி வரும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வலிக்காகப் போய்ப் பார்த்த டாக்டரம்மா, "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டபோதுகூட, "துணி துவைக்கிறது, சப்பாத்தி தேய்க்கிறது, எல்லாம் நான்தான் டாக்டர்" என்றேன்.

"வெளிய வேலைக்குப் போறதில்லையா?"

"போறேன். அது உக்காந்த வேலைதான். கம்ப்யூட்டர்."

அவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை என் பக்கம் தள்ளினார். "மவுஸ எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க."

காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மணிக்கட்டுப் பட்டையும் மாத்திரையும் எழுதினார். "கைக்கு ஏத்த மாதிரி ஒண்ணு மாத்திக்குங்க. இல்லன்னா மாத்திரை சாப்பிட்டுப் பிரயோஜனமில்ல. கைக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார். ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கோபமாக வந்தது. யாரிடம் கோபம் என்றுதான் தெரியவில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், கெட்டவர் அல்ல. பட்டை கட்டிய கையைப் பார்த்துவிட்டு, "நோடோணம்மா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தக் கம்பெனியில் பார்க்கலாம் என்றால் அதோடு முடிந்தது. இரண்டு வாரம் காத்திருந்தேன். பிறகு மெஜஸ்டிக்கில் பஸ் மாறும் இடத்தில் ஒரு கடையில் சின்ன மவுஸ் ஒன்றை நானே வாங்கினேன். அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போவேன். காலையில் கம்பெனி மவுஸைக் கழற்றி என்னுடையதைச் சொருகுவது, மூன்று மணிக்கு என்னுடையதைக் கழற்றி அதைத் திருப்பிச் சொருகுவது. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ரிப்பேர்காரர் முன்பே எச்சரித்திருந்தார். அது அணைந்து மறுபடி எழுந்திருக்க வெகுநேரம் பிடிக்கும். ஆனாலும் கை கொஞ்சம் தேவலை. பத்து நாள் அப்படி ஓடியது.

பதினோராவது நாளோ என்னவோ, காலையில் போனபோது கம்ப்யூட்டர் அணைக்கப்படாமல் இருந்தது. திரையில் அவர் வரைந்த அச்சு அப்படியே நின்றது. மானிட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். "மூட வேண்டாம். நாலாவது ஓட்டை அளவு சந்தேகம். பார்த்துச் சொல்லவும்."

அவர் மூட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். நான் அணைக்காமல் மவுஸை மாற்றக் கூடாது. கம்பெனி மவுஸிலேயே அன்று வேலை செய்திருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் இரண்டு பக்கெட் துணி துவைத்திருந்தேன். கை விண்விண்ணென்று தெறித்தது. ஒரு தடவைதானே என்று குனிந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி என்னுடையதைச் சொருகினேன்.

திரை உறைந்தது. மவுஸ் நகரவில்லை. கீபோர்டும் பேசவில்லை. கால் மணி நேரம் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சுவிட்சை அணைத்துப் போட்டேன். டிராயிங்கைத் தேடினேன். முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சேமித்த பிரதிதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வரைந்த எதுவும் இல்லை. சின்ன மவுஸ், பெரிய மவுஸ் எதைச் சொருகினாலும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மவுஸ் சொருகும் இடத்தில் ஏதோ கருகிவிட்டதென்று பிறகு தெரிந்தது.

அன்று மூன்று மணிவரை பக்கத்து மேஜைக்காரருக்கு அளவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டு பொழுதைத் தள்ளினேன். ஷிப்ட் மாற்றிக்கொள்ள அவர் வந்ததும் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அணைந்துபோன திரையைப் பார்த்தார்.

"சேவ் பண்ணாம போனது என் தப்பும்மா" என்றார். பிறகு, "தெனமும் மவுஸ மாத்தறியா? எதுக்கு?" என்றார்.

"இது எனக்குப் பெருசுண்ணா. கை வலிக்குது. இந்தத் தண்ட மவுஸ எவன் வாங்கினானோ தெரியல."

"நான்தான் கேட்டு வாங்கினேன்."

அப்போதுதான் அவர் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் பிரஸ் மெஷினில் போனதாம். அதற்குப் பிறகுதான் இரவுப் பள்ளியில் கம்ப்யூட்டர் படித்து இந்த வேலைக்கு வந்திருக்கிறார். "நடு விரல்லதான் அமுக்கணும். சின்ன மவுஸ்ல விரல் வழுக்கிப் பக்கத்து பட்டன்ல விழுந்துடுது. இதுல பட்டன் அகலம்" என்றார். ஒரு வருஷமாக அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியவில்லை. என் மவுஸைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். "பஸ்ஸ விட்றாதே" என்றார்.

மறுநாள் காலை மேனேஜர் எங்கள் இருவரையும் அழைத்தார். மூன்று மணி ஷிப்ட்காரரும் இதற்காகவே முதல் ஷிப்ட் நேரத்துக்கு வந்திருந்தார். என்ன நடந்தது என்று மேனேஜர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர், "நான்தான் சார் ஆஃப் பண்ணாம போயிட்டேன். நைட்டெல்லாம் ஓடிருக்குது" என்று கன்னடத்தில் சொன்னார். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம். அதைவிட, விளக்கம் சொல்லி, திட்டு வாங்கி, எழுதிக் கொடுத்து, இதையெல்லாம் செய்ய உடம்பில் தெம்பில்லை. அவருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள்.

மூன்று நாள் கழித்து கம்ப்யூட்டர் ரிப்பேராகிவிட்டதென்று எஸ்.பி. ரோடு கடையிலிருந்து தகவல் வந்தது. மேனேஜர் எங்களைப் பார்த்து, உங்களுக்கு எந்த மவுஸ் வேண்டுமோ நீங்களே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள், என்னிடம் இனிமேல் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஒரு விரலைக் காட்டினார். "ஒந்தே மவுஸ்." ஒன்றே ஒன்று.

கம்பெனி வேனில் போனோம். யஷ்வந்த்பூர் தாண்டினோம். பிறகு, "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்ணா" என்றேன்.

"சொல்லி? உனக்கு இன்கிரிமென்ட் நிக்கும். எனக்கு ஏற்கெனவே நாலு மெமோ இருக்குது, இதோட அஞ்சு" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அதை எளிதாக எடுத்துக்கொண்டாரா, எனக்காக அப்படிப் பேசினாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைக்காரர் உருதுக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்குத்தான் கடை. "யாருக்கும்மா மவுஸு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும்" என்றேன்.

"ரெண்டு பீஸா?"

"ஒண்ணுதான்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி என்று நினைத்திருப்பார். பிறகு விரல் இல்லாத கையைப் பார்த்தார், என் பட்டையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் நாலைந்து டப்பாக்களோடு வந்தார். நின்றுகொண்டு பிடித்துப் பார்த்தால் தெரியாது, உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார். கண்ணாடிமேல் ஓட்டினால் அடியில் இருக்கும் உருண்டை வழுக்கும் என்று ஒரு ரப்பர் மேட்டையும் விரித்தார். இந்த ஒரு கை வலிக்காக அதுவரை இத்தனை சிரத்தை எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

முதலாவது எனக்குக் கச்சிதம். என்னோடு வந்தவர் உட்கார்ந்து இரண்டு தடவை அமுக்கினார். "எனக்கும் ஓகே" என்றார்.

அவர் மோதிர விரல் மவுஸில் இடமில்லாமல் மேட்டின் மேல் இழுபட்டுக்கொண்டிருந்தது. "எங்க ஓகே? விரல் வெளிய தொங்குதே" என்றேன்.

"பழகிடும்."

"எனக்குக்கூட பழகிடும்னுதான் இருந்தேன். பாருங்க" என்று பட்டையைக் காட்டினேன்.

அடுத்ததில் பந்து மேலேயே இருந்தது. மவுஸ் நகராது, கட்டைவிரலால் பந்தை உருட்ட வேண்டும். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ வலியே கட்டைவிரல் அடியில்தான். நான் உருட்டியபோது என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே அதை டப்பாவில் போட்டு மூடினார். மூன்றாவது இருவருக்குமே சரிப்படவில்லை. பின்னால் வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர், "கல்யாணப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறாங்கப்பா" என்றார். கடைக்காரர் அவரை உருதுவில் ஏதோ அதட்டினார்.

கடைசியாக எடுத்தது வெளிறிய நிறத்தில், முதுகு தட்டையாக, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு மவுஸ். உப்பல் இல்லாததால் என் உள்ளங்கை மேட்டைத் தொட்டபடி இருந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை. பட்டன்கள் முன்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு அகலமாக இருந்தன. நீளம் மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகம். அவருக்கு அது கொஞ்சம் குறைச்சல். அவர் நடு விரலால் பத்துப் பதினைந்து தடவை அமுக்கினார். ஒரு தடவை வழுக்கியது.

"ஒரு தடவதான் வழுக்கிச்சு" என்றார்.

"எனக்கும் லேசா இழுக்குது. அது பரவால்ல" என்றேன்.

அதையே வாங்கினோம்.

பட்டையை ஒரு மாதத்தில் கழற்றினேன். மகளுக்கு இரட்டைப் பின்னல் மறுபடி போட்டுவிட்டேன், இறுக்கமாக இல்லாவிட்டாலும். வலி முழுக்கப் போகவில்லை. டிசம்பர் குளிரில், விடியற்காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது எட்டிப் பார்க்கும். ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிஷத்தில் இப்போது கொஞ்சம் கூடுதலாகப் பேசிக்கொண்டோம். அவர் மகன் நர்சிங் படிக்கிறான் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை போன கதையை அவரிடம் சொன்னேன். மெமோவைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஆர்டர் குறைந்தது. இரண்டாம் ஷிப்டை எடுத்துவிட்டார்கள். ஆட்களைக் குறைக்கும்போது யாருக்கு எத்தனை மெமோ என்றுதான் முதலில் பார்த்தார்கள். அவரை ஸ்டோர்சுக்கு மாற்றினார்கள். அங்கே நட்டு போல்ட்டுகளை எண்ணிக் கொடுக்கும் வேலை. அந்த ஐந்தாவது மெமோ இல்லாவிட்டாலும் மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் மேனேஜர் அறைவரை போனேன். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே யாரோ இருந்தார்கள். மணி அடித்ததும் திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போகவில்லை.

கம்ப்யூட்டர் என் ஒருத்திக்கே என்றானது. இனி எனக்கு மட்டும் பொருந்தும் மவுஸைக் கேட்டு வாங்கலாம் என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. ஸ்டோர்ஸ் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது அவர் தலையை நிமிர்த்தி, "கை எப்படி இருக்குது?" என்று கேட்பார். "இருக்குதுண்ணா" என்பேன். பின்னால் சாமான் வாங்க ஆள் நின்றால், அவர் கையை அசைத்து என்னைப் போகச் சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கப் போய்விடுவார்.