ஜெர்மன் நாவலுக்கு எடுத்த இரண்டு நிமிடப் படம்

ஜெர்மன் வகுப்பில் ஆளுக்கொரு புது நாவலுக்கு இரண்டு நிமிட விளம்பரப் படம் எடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த நாவலில் ஒரு தாய், காணாமல் போன மகனுக்காக ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள்.

இன்று காலை திருத்தணி ஸ்டேஷனில் எடுத்தேன். தாயாக நடித்தவர் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா.

வண்டி வந்தது, கூட்டம் இறங்கியது, கேமராவை நிறுத்தினேன்.

"முடிஞ்சிடுச்சுக்கா, வாங்க போலாம்."

"இருப்பா, இன்னும் எறங்கினுகிறாங்க."

அவர் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மகன் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடம். நடிக்கக் கூப்பிட்டபோது நான் அதை யோசிக்கவே இல்லை.

வண்டி போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்துதா?" என்றார்.

"ஆங், நல்லா வந்துதுக்கா."

நாளை வகுப்பில், இவ்வளவு நன்றாக நடிக்கிற அம்மாவை எங்கே பிடித்தாய் என்று கேட்பார்கள். என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.