கூப்பிட ஆளில்லாத பந்தி

மாமா மகனுடைய கல்யாண அழைப்பு நேற்று போனில் வந்தது. காகிதம் இல்லை, வீடியோ. முதலில் மலை வருகிறது, பிறகு அருவி, அதன் பிறகு அருவியைவிட அதிக நேரம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் அந்தக் கன்வென்ஷன் சென்டர். ட்ரோன் விட்டு எடுத்திருக்கிறார்கள். கார் நிறுத்துகிற இடத்தையே கால்வாசி நேரம் காட்டுகிறார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்களைவிடக் கார்களுக்குத்தான் மரியாதை போல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மூக்கில் எலுமிச்சை வாசனை அடித்தது. அந்த மண்டபத்தின் ஏசியோடு சேர்ந்து வருகிற வாசனை. அது வந்தாலே எனக்கு வயிறு பசிக்க ஆரம்பித்துவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது கல்யாண மண்டபத்துக்கு வேறு வாசனை. ஈர வாழையிலையில் சூடான சாம்பார் விழும்போது எழுமே, அது. எங்கள் ஊர் ஆலங்குளம். அப்பா உரக்கடையில் வேலை பார்த்தார். ஆனால் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்திக்கு ஆள் கூப்பிடுகிற பொறுப்பு அவருடையது. எங்கள் பக்கத்து விருந்தாளி தானாக எழுந்து சாப்பிடப் போகமாட்டார். பசி காதை அடைத்தாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்களில் ஒருவர் வந்து கையைப் பிடித்துக் கூப்பிட வேண்டும். "அண்ணாச்சி, எந்திரிங்க, கை நனைச்சிட்டு வந்து பேசுவோம்" என்பார் அப்பா. "இருக்கட்டும், அடுத்த பந்தில பாப்போம்" என்பார் அவர். அப்பா மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் போலீஸ்காரர் ஆளைப் பிடித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். அந்த இழுபறி நடந்தால்தான் அவர்களுக்குச் சோறு தொண்டையில் இறங்கும்.

அப்படிப்பட்ட அப்பா எனக்குக் காது குத்தின அன்றைக்கு ஒருவரைக் கூப்பிட மறந்தார். அது என் தாய்மாமா. அம்மாவின் ஒரே தம்பி, வடகரையில் தென்னந்தோப்பு. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். நான் வலியில் அவர் கையைக் கடித்துவைத்தேன். கடியை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு பலூனும் வாங்கித் தந்துவிட்டு, மாமா ஓரமாகப் போய் உட்கார்ந்தார். மச்சினன் நம் வீட்டு ஆள்தானே, கடைசியில் நம்மோடு சாப்பிடுவான் என்று அப்பா நினைத்தார். மாமா கடைசிப் பந்தி வரைக்கும் பார்த்தார். பிறகு எழுந்து பஸ் ஏறிவிட்டார். தாய்மாமன் கை நனைக்காமல் போனால் அது சாதாரண விஷயமா? அதோடு போக்குவரத்து நின்றது. நான் காலேஜ் முடித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், அப்பா இறந்துபோகிற வரைக்கும் நின்றேதான் இருந்தது. அப்பா காரியத்துக்கு வந்தபோதுகூட மாமா வாசலோடு திரும்பிவிட்டார்.

அதற்குள் மாமா பெரிய ஆளாகியிருந்தார். தேங்காய் லாரிகள் புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போய்வந்தன. மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, யார் சொன்னார்களோ, மனது மாறி ஆலங்குளத்துக்கே வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து, "அக்கா, நீ வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவர் காப்பி குடிக்கவில்லை. அம்மா வற்புறுத்தவும் இல்லை.

"நான் அவன் வீட்டுப் பந்தில உக்காந்துட்டேம்னா எல்லாம் தீந்துபோவும்லே. பொறவு அவனும் நம்ம வீட்ல சாப்புடுவான்" என்றாள். கல்யாண நாள் வருகிற வரைக்கும் அவளுக்கு அதே பேச்சுதான்.

கல்யாணம் வீடியோவில் வந்த அதே மண்டபத்தில். குற்றாலத்தில் சீசன் நேரம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரே நிறத்தில் சேலை கட்டிய பெண்கள் நின்று எல்லோர் மேலும் பன்னீர் தெளித்தார்கள். அம்மா அதில் ஒருத்தியின் கன்னத்தைத் தடவி, "நீ யாரு மவ தாயி?" என்று கேட்டாள். அது திருநெல்வேலியிலிருந்து சம்பளத்துக்கு வந்திருந்த பெண். சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தெளிக்கப் போய்விட்டாள். உள்ளே ஏசி, அதோடு அந்த எலுமிச்சை வாசனை. அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். மேடை எங்கேயோ இருந்தது. நாங்கள் இருபக்கமும் இருந்த பெரிய திரைகளில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தோம். வீட்டில் டிவியில் பார்த்திருந்தால் காப்பியாவது கிடைத்திருக்கும்.

தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் சாப்பாட்டு ஹாலுக்குப் பாய்ந்தது. அம்மா அசையவில்லை.

"வருவாம்லே. அங்கன நிக்கவங்கள அனுப்பிட்டு வருவான்."

காதில் வயர் மாட்டிய பையன் ஒருவன் வந்தான். "ஆன்ட்டி, டைனிங் அந்தப் பக்கம்." அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பொண்ணு வீடா, மாப்பிள வீடா?" "ஈவென்ட் மேனேஜ்மென்ட் ஆன்ட்டி" என்றான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திரையின் அடியில் எழுத்துகள் ஓடின. அனைவரும் அவசியம் உணவருந்திச் செல்லவும். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"போர்டு கூப்புடுது. நான் போர்டுக்கா அக்கா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பசியில் எரிச்சலும் வந்தது. "நான் போயி மாமாட்ட சொல்லட்டா?" என்றேன். "நீ சொல்லி அவன் வந்து கூப்புட்டா அது கூப்புட்டதாவுமா? உக்காரு பேசாம."

உட்கார்ந்தேன். பந்திமேல் பந்தி போனது. ஈரத் தலையும் தோளில் துண்டுமாக ஒருவர் பல் குத்திக்கொண்டே எங்களைத் தாண்டினார். அருவியில் குளித்துவிட்டு அப்படியே வந்தவர், எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை என்பது தலையில் இருந்த எண்ணெயிலேயே தெரிந்தது. அம்மா முகத்தைப் பார்த்து நின்றார். "ஏம்மா, இன்னும் சாப்பிடலையா? பால்பாயசம் பிரமாதமா இருக்கு. தீந்துறப் போகுது, எந்திரிச்சுப் போங்க" என்றார். அந்தக் கல்யாணத்தில் என் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்ட ஒரே மனுஷர் அவர்தான். "நீங்க சாப்ட்டீங்கல்லா, சந்தோசம்" என்றாள் அம்மா, கல்யாண வீட்டுக்காரி மாதிரி.

அப்போதுதான் திரையில் சாப்பாட்டு ஹாலைக் காட்டினார்கள். மாமா வந்தார். யாரோ ஒரு பெரிய மனிதர், வெள்ளை வேட்டி, சுற்றிலும் ஆட்கள். மாமா அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். மாமா சிரித்துக்கொண்டே இழுத்தார். அப்பா இழுப்பாரே, அதே இழுப்பு. இலை முன்னால் உட்கார வைத்து, தன் கையாலேயே அவருக்குத் தண்ணீர் ஊற்றினார். சுவர் அகலத்துக்கு அந்தக் கை தெரிந்தது. கூப்பிடத் தெரியாமல் போயிருந்தால்கூட அம்மா மன்னித்திருப்பாள். மாமாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அம்மா எழுந்தாள். "போவோம்லே."

பாவூர்சத்திரத்தில் ஓட்டல் முன்னால் காரை நிறுத்தினேன். இறங்க மறுத்துவிட்டாள். "தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு ஓட்டல்ல சாப்ட்டான்னு ஒருத்தி பாத்தாலும் அவனுக்குத்தான் அசிங்கம்." பட்டினியிலும் தம்பி மானத்தைக் காக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து, காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தாள்.

சாயங்காலம் மாமா போன் பண்ணினார். கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்பாள் என்று பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, சாப்பாடெல்லாம் எப்பிடிக்கா? கூட்டத்துல ஒன்னப் பாக்க முடியாமப் போச்சு."

"நல்லா இருந்துச்சு தம்பி. பால்பாயசம் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சேன்."

அவ்வளவுதான். அதன் பிறகு அவளாக ஒரு தடவைகூட அவருக்குப் போன் பண்ணவில்லை. அவர் பண்ணினால் பேசுவாள். பழைய சண்டை தீர்ந்தது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா செத்த வீட்டில் அவள் காலைக் கட்டிக்கொண்டு, "எம் மவ கல்யாணத்துல ரெண்டு தரம் பாயசம் வாங்கிக் குடிச்சியேக்கா" என்று அவர் அழுதபோது வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அம்மாவே மூடிவைத்ததைத் திறக்க நான் யார்?

இன்றைக்குக் காலையில் மாமாவே கூப்பிட்டார். "மருமவனே, வீடியோ வந்துச்சா? நம்ம வீட்டுக் கல்யாணம்லே, வந்துரணும்." சரி என்றேன். போவேன். எலுமிச்சை வாசனைக்குள் உட்கார்ந்திருப்பேன். திரையில் எழுத்து ஓடியதும், ஈரத் தலைக்காரர்களோடு நானும் ஒரு ஆளாக எழுந்து போய், கிடைத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். பால்பாயசமும் ரெண்டு தரம் வாங்குவேன். யார் கூப்பிட்டார்கள், யார் கூப்பிடவில்லை என்று பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்க அத்தனை பெரிய மண்டபத்தில் மாமாவுக்கு இனி ஒரு ஆள் கிடையாது.